நோட்டீசுக்கு எப்போது கட்டணம்

வரி நோட்டீசுக்குப் பதில் எழுதிக் கொடுக்கத் தனியாகப் பணம் வாங்குவது பற்றி அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இரண்டு பழக்கங்கள் உண்டு. வருஷத்துக்கு ஒரு தொகை பேசி, ரிட்டன், நோட்டீஸ், பேங்க் லோனுக்கு வேண்டிய சான்று எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முடித்துக் கொடுப்பது ஒன்று. ரிட்டனுக்கு ஒரு தொகை, நோட்டீஸ் வந்தால் அதைப் பார்த்து வேறொரு தொகை என்பது மற்றொன்று. இரண்டிலும் மனஸ்தாபம் வருகிறது. முதல் வகையில் ஆடிட்டருக்குக் குறை. இரண்டாவதில் வியாபாரிக்குச் சந்தேகம்: “இவர் போட்ட ரிட்டனுக்குத்தானே நோட்டீஸ் வந்திருக்கிறது, இவருக்கே மறுபடியும் எதற்குப் பணம்?” அந்தச் சந்தேகம் நியாயமானது. அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாதவர் பணம் கேட்கக் கூடாது.

சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், வருமான வரி பிராக்டிஷனர், ஜிஎஸ்டி பிராக்டிஷனர், சேல்ஸ் டாக்ஸ் வக்கீல் எல்லோரையும் இந்த ஊர்களில் ‘ஆடிட்டர்’ என்றே கூப்பிடுகிறார்கள். இங்கும் அப்படியே சொல்லப்படுகிறது.

வருஷத் தொகைப் பழக்கம் விற்பனை வரிக் காலத்தில் வேர் பிடித்தது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டத்தில், வியாபாரியின் கணக்கை ஆண்டுதோறும் வணிகவரி அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். நாள்வழி, பேரேடு, கொள்முதல் பில் கட்டு, விற்பனை பில் கட்டு எல்லாவற்றையும் அதிகாரி புரட்டிப் பார்த்து உத்தரவு போடுவார். அங்கே போய் நிற்பதுதான் ஆடிட்டரின் வேலை, ஃபீஸும் அதற்குத்தான். கணக்குக் காட்ட வேண்டிய தேதியைச் சொல்லும் தாளாகவே நோட்டீஸ் இருந்தது, அதற்குத் தனி விலை கிடையாது. 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரி வந்ததும், வியாபாரி தாக்கல் செய்த கணக்கே வரிவிதிப்பாக ஏற்கப்பட்டது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. வேலையின் உருவம் முழுதாக மாறிய பிறகும் ஃபீஸ் பேசும் முறை மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

வருமான வரியில் ‘நடை’க்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருந்தது. விருதுநகர் அலுவலகத்துக்கும், மேல்முறையீடு என்றால் மதுரைக்கும், பைலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவார்கள். வியாபாரியும் சில சமயம் கூடவே வருவார். 2020 ஆகஸ்டில் முகம் பார்க்காத மதிப்பீட்டு முறை பரவலாக நடைமுறைக்கு வந்ததும் நடை நின்றது. எழுத்து வேலையோ கூடிவிட்டது. எதிரே உட்கார்ந்து இரண்டு வார்த்தையில் விளக்கியதை இப்போது பத்தி பத்தியாக எழுதி, ஒவ்வொரு ஆதாரத்தையும் ஸ்கேன் செய்து, போர்ட்டல் ஏற்கும் அளவுக்குச் சுருக்கி ஏற்ற வேண்டும். கூடவே பஸ் ஏறி வந்த வியாபாரிக்கு அந்த உழைப்பு தெரிந்தது. ராத்திரி உட்கார்ந்து தட்டச்சு செய்வது தெரிவதில்லை. கட்டணச் சண்டையில் பாதி இதனால் வருவது.

இந்த மண்ணின் பணப் புழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை முதல் பங்குனி வரை மிளகாய், பருத்தி, மல்லி, பயறு என்று வீடு வந்து சேரும். கடைக்காரர், மண்டிக்காரர், லாரிக்காரர், டிராக்டர் வைத்திருப்பவர் எல்லோர் கையிலும் அப்போதுதான் காசு. வருமான வரி ரிட்டனின் ஜூலைக் கெடு விழுவதோ வெறும் ஆடி மாசத்தில். ரிட்டன் ஃபீஸே ஆறு மாதம் கழித்து வரும் ஊரில், கார்த்திகையில் வந்த நோட்டீசுக்கு உடனே பணம் வை என்றால் வைக்க வழியில்லை. அதனால் ‘எப்போது வாங்கலாம்’ என்பதற்கு இங்கே இரண்டு அர்த்தம்: எந்த நோட்டீசுக்கு வாங்கலாம், எந்த மாசத்தில் வாங்கலாம்.

நோட்டீஸ் எங்கே வந்து விழுகிறது என்பதைப் பார்த்தால் முதல் விதி கிடைத்துவிடும். போர்ட்டலில் பதிவாகியிருக்கும் இமெயில் பெரும்பாலும் வாடிக்கையாளருடையது அல்ல, ஆடிட்டர் ஆபீசுடையது. திருச்சுழிப் பக்கத்து டிராக்டர்காரருக்கும் நரிக்குடி மளிகைக் கடைக்காரருக்கும் இமெயில் கிடையாது, இருந்தாலும் திறந்து பார்ப்பதில்லை. மொபைல் எண் மட்டும் அவர்களுடையது, ஓடிபி சொல்வதற்காக. ஆக, துறை அனுப்பும் கடிதம் ஆபீசுக்கு வருகிறது. பதில் சொல்லும் கெடு வாடிக்கையாளருக்கு ஓடுகிறது. தன் இமெயிலைக் கொடுத்தவர், அதில் வருவதைப் பார்த்துச் சொல்லும் கடமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். பார்ப்பதற்கும், அது என்ன நோட்டீஸ், எத்தனை நாளில் பதில், பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்குவதற்கும் தனிக் கட்டணம் கிடையாது. அது ரிட்டனுக்கு வாங்கிய பணத்திலேயே அடக்கம். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

அந்தக் கெடுக்களும் சிறியவை. குறைபாடுள்ள ரிட்டன் என்று 139(9) பிரிவில் வந்தால் 15 நாள். பெங்களூரில் உள்ள மத்தியச் செயலாக்க மையம் 143(1)(ஏ) பிரிவில் திருத்தம் செய்யப் போவதாகச் சொன்னால் 30 நாள். பழைய பாக்கிக்கு ரீஃபண்டைக் கழிக்கப் போவதாக 245 பிரிவில் வந்தால் 21 நாள். ஜிஎஸ்டியில் ஜிஎஸ்டிஆர்-1, 3பி கணக்குகளுக்கிடையே வித்தியாசம் என்று டிஆர்சி-01பி வந்தால் 7 நாள்தான்.

வருவதெல்லாம் நோட்டீசும் அல்ல. 143(1) தகவல் தாளில், ரிட்டனில் சொன்ன தொகை ஒரு கட்டத்திலும் துறை கணக்கிட்ட தொகை பக்கத்துக் கட்டத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கை நடுங்க வருகிற பென்ஷன்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ‘பெரிய தொகைப் பரிவர்த்தனை’ என்று வரும் எஸ்எம்எஸ்ஸும் நோட்டீஸ் அல்ல, நினைவூட்டல். போலிக் கடிதங்களும் உலவுகின்றன. 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித் துறையின் கடிதங்களில் டின் என்னும் ஆவண எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை லாகின் செய்யாமலே போர்ட்டலில் போட்டுச் சரிபார்க்கலாம். இரண்டு நிமிஷ வேலை. பயத்துக்கு விலை வைப்பது இந்தத் தொழிலில் மிகக் கேவலமான பழக்கம்.

அடுத்தது பதில் எழுதும் வேலை. இங்கே கட்டணத்தை முடிவு செய்வது நோட்டீசின் கனம் அல்ல, அது எங்கே பிறந்தது என்பதுதான்.

ஆடிட்டர் ஆபீசில் பிறந்த நோட்டீசுக்குக் கட்டணம் இல்லை. தவறான படிவம், சலான் எண்ணில் ஒரு இலக்கம் பிசகியது, ஜிஎஸ்டிஆர்-3பியில் மத்திய வரியை மாநில வரிக் கட்டத்தில் போட்டது, கெடு தேதி தவறியது இவையெல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பதில் இலவசம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. அந்தத் தவறால் வந்த தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் ஆடிட்டரே கட்ட வேண்டும். தாமத ரிட்டனுக்கு 234எஃப் பிரிவில் ரூ. 5,000, வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் ரூ. 1,000. கடைக்காரர் ஜூலைத் தொடக்கத்திலேயே காகிதங்களைக் கொடுத்திருந்தும் கெடு தவறினால் அந்த ஆயிரம் ரூபாய் யாருடையது என்பதில் விவாதமே வேண்டாம். அசல் வரி மட்டும் வாடிக்கையாளருடையது. ரிட்டன் சரியாகப் போயிருந்தாலும் அதை அவர் கட்டியே இருப்பார்.

பொறுப்பு இரண்டு பக்கமும் சாய்கிற இடங்களும் உண்டு. ஒரு உதாரணம் இ-வெரிபிகேஷன். ரிட்டனை ஏற்றினால் மட்டும் போதாது. 2022 ஆகஸ்ட் 1 முதல் ஏற்றியவற்றை 30 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும், அதற்கு முன் 120 நாள் இருந்தது. ஆதாருடன் இணைந்த மொபைலுக்கு ஓடிபி வரும். அந்த சிம் கார்டு பழையதாகி, மகன் புது நம்பர் வாங்கிக் கொடுத்திருப்பான். அல்லது வாடிக்கையாளர் லாரியோடு மகாராஷ்டிரா போயிருப்பார். ஆபீஸ் பையன் இரண்டு தடவை போன் போட்டுவிட்டு அடுத்த பைலுக்குப் போய்விடுவான். முப்பதாம் நாள் தாண்டினால் ரிட்டன் உரிய தேதியில் போடாததாகிவிடும். ஓடிபி சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை என்று தட்டிக்கழிக்கலாம். ஆனால், கையெழுத்திட்ட ஐடிஆர்-வி தாளைப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பும் வழியும் இருக்கிறது என்று அவரிடம் சொன்னவர் யார்? சொல்லாதவரைக்கும் தவறு ஆபீசுடையதே. சொல்லி, தாளையும் கொடுத்துவிட்ட பிறகு வாடிக்கையாளர் அதை அலமாரியில் வைத்திருந்தால், தாமத மன்னிப்பு மனு எழுதக் கட்டணம் வாங்கலாம்.

இந்தச் சீமையில் ஒதுக்க முடியாத இன்னொரு வகை, லோனுக்காகப் போடும் ரிட்டன். பேங்க்கில் மூன்று வருஷ ரிட்டன் கேட்பார்கள். 44ஏடி பிரிவில் விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம் லாபம் காட்டினால் போதும், முழுக் கணக்குப் புத்தகம் வேண்டாம். சிறு வியாபாரிக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் லோன் தொகைக்குத் தோதாக லாபம் தேவைப்பட்டு, லாபத்துக்குத் தோதாக விற்றுமுதலை ஏற்றி எழுதினால், அந்த எண் ஒருநாள் ஜிஎஸ்டி அலுவலகத்தின் கண்ணில் படும். சரக்கு வியாபாரத்தில் 40 லட்சம், சேவையில் 20 லட்சம் தாண்டியும் ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டு நோட்டீஸ் வரும். நடந்ததோ அதில் பாதி வியாபாரம். இல்லாத விற்பனைக்கு வரி கேட்கும் நோட்டீசுக்குப் பதில் எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது; ரிட்டனில் எழுதியது பொய் என்றுதான் வாதாட வேண்டியிருக்கும். அந்த எண்ணை எழுதிக் கொடுத்த ஆடிட்டர் இதற்குக் கட்டணம் கேட்பது அநியாயம். வாடிக்கையாளர் கெஞ்சிக் கேட்டார் என்பது சாக்கு ஆகாது. பொய்க் கணக்குக்கு உடந்தையாக இருப்பவருக்கு வருமான வரிச் சட்டத்தின் 278ஆவது பிரிவில் சிறைத் தண்டனையே இருக்கிறது.

வாடிக்கையாளர் வாய் திறக்காததால் பிறந்த நோட்டீஸ் வேறு ரகம். சேமிப்புக் கணக்கில் வருஷத்தில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால், நடப்புக் கணக்கில் 50 லட்சம் என்றால், 30 லட்சம் அல்லது அதற்கு மேல் நிலம் வாங்கினாலோ விற்றாலோ, வங்கியும் பத்திரப்பதிவு அலுவலகமும் துறைக்குத் தகவல் அனுப்புகின்றன. 2021 நவம்பர் முதல் ஆண்டுத் தகவல் அறிக்கையில் இவையெல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன.

சீமைக்கருவேல மூட்டக் கரி வியாபாரத்தில் இது அடிக்கடி நடக்கும். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் காட்டை வெட்டி மூட்டம் போடுபவர்கள் பலர்; வெளியூருக்கு லோடு ஏற்றி அனுப்புபவர் ஒருவர். பல பேருடைய கரிக்கும் பணம் அவர் கணக்கில் வந்து விழும். அவர் ரொக்கமாக எடுத்து வெட்டுக்கூலி, மூட்டக்கூலி, லோடு ஏற்றுக்கூலி என்று பிரித்துக் கொடுப்பார். அவருக்கு நிற்பது மூட்டைக்கு இவ்வளவு என்ற கமிஷன்தான். வங்கி அறிக்கையிலோ வரவு முழுதும் அவர் பெயரில்.

“அண்ணாச்சி, இந்த பேங்க் கணக்கைச் சொல்லவே இல்லையே?”

“அது நம்ம பணம் இல்லைங்க சார். மூட்டக்காரங்க பணம், வந்துட்டுப் போயிருச்சு.”

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 142(1) பிரிவில் கேள்வி வந்தபின் ஒவ்வொரு வரவுக்கும் யாருடைய கரி, எந்த லாரி, எடை எவ்வளவு, யார் கையில் பணம் போனது என்று காட்டியாக வேண்டும். எடை மேடைச் சீட்டைத் தேடி, துண்டுச் சிட்டைகளைத் தேதி வாரியாக அடுக்கி, மூட்டக்காரர்களிடம் உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். கையெழுத்துப் போட யோசிப்பார்கள், தங்களுக்கும் வரி வருமோ என்ற பயத்தில். இது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை, ரிட்டன் ஃபீசுக்குள் அடங்காது. முழுக் கட்டணம் வாங்கலாம், வேலை தொடங்குமுன் ஒரு பகுதியை முன்பணமாகவும் கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: ரிட்டன் போடும்போது ‘வேறு பேங்க் கணக்கு உண்டா, நிலம் விற்றீர்களா, நகை லோன் திருப்பினீர்களா’ என்று ஆடிட்டர் கேட்டிருக்க வேண்டும். ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்கிப் பார்த்திருக்கவும் வேண்டும். திரையில் நின்ற தகவலைப் பார்க்காமல் ரிட்டனை ஏற்றியவர், வாடிக்கையாளர் மறைத்தார் என்று சொல்ல முடியாது. அந்த அறிக்கை வந்த பிறகு, இந்த வகையில் ஆடிட்டரின் பங்கு முன்பைவிடப் பெரிது.

யார் தவறும் இல்லாமல் வருபவையும் உண்டு. ஊராட்சி ஒன்றிய வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரருக்கு 26ஏஎஸ் என்னும் வரிப் பிடித்த விவரத் தாளில் இருக்கும் தொகை ஒன்று, கைக்கு வந்தது வேறு. பில்லில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், பிடித்தம் நிறுத்தி வைத்திருப்பார்கள், மார்ச்சில் போட்ட பில்லுக்கு மேயில் பணம் வரும். பிடித்த வரியை முழுதாகக் கேட்டுவிட்டு வரவைக் குறைத்துக் காட்டியதாக 139(9) நோட்டீஸ் வந்துவிடும். அளவுப் புத்தகத்தையும் பில் நகலையும் வைத்து ஒத்திசைவுப் பட்டியல் போட்டால் தீர்ந்தது. ஆண்டுதோறும் இதே ஒப்பந்தக்காரருக்கு இதே நோட்டீஸ் வருமென்று தெரிந்திருந்தால், அந்தப் பட்டியல் வேலையை ரிட்டன் ஃபீசிலேயே சேர்த்துப் பேசிவிடுவதே நேர்மை. துறையின் பிழையைத் திருத்த 154 பிரிவில் போடும் மனுவுக்குச் சிறு தொகை வாங்கலாம். மனுவே தேவைப்படாத இடத்தில் அதுவும் கூடாது. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், 2009-10 வரையிலான ஆண்டுகளுக்கு ரூ. 25,000 வரையும், 2010-11 முதல் 2014-15 வரை ரூ. 10,000 வரையும் இருந்த பழைய பாக்கிகள் விலக்கப்பட்டன. துறை தானாகவே நீக்கிய பாக்கிக்கு ‘நீக்கிக் கொடுத்த’ ஃபீஸ் என்று வாங்க எவருக்கும் உரிமை இல்லை.

கூட்டுறவுச் சங்கங்களின் விஷயம் தனி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், கைத்தறி நெசவாளர் சங்கங்கள் 80பி கழிவைப் பெற ரிட்டனைக் கெடுவுக்குள் போட்டாக வேண்டும். சங்கத் தணிக்கை முடியத் தாமதமானால் ரிட்டனும் தாமதம். பெங்களூர் மையம் கழிவை மறுத்து லட்சக்கணக்கில் பாக்கி காட்டும். 2023 ஜூலையில் நேரடி வரிகள் வாரியம், 2018-19 முதல் 2022-23 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளுக்குத் தாமதத்தை மன்னிக்க வழி திறந்தது. அந்த மனுவுக்குக் கட்டணம் நியாயமே. ஆனால் தீர்மானம் இல்லாமல் சங்கச் செயலாளர் ரூபாய் எடுக்க முடியாது. கட்டணத்தை முதலிலேயே கடிதமாகக் கொடுத்தால்தான் கூட்டத்தில் வைப்பார்கள். வேலை முடிந்த பிறகு வாயால் சொல்லும் தொகை சங்கத்தில் செல்லாது.

ஜிஎஸ்டி நோட்டீசில்தான் கட்டணம் பெரிதாகிறது, சண்டையும் பெரிதாகிறது. 2017-18க்கான 73ஆவது பிரிவு உத்தரவுகளுக்கு 2023 டிசம்பர் 31, 2018-19க்கு 2024 ஏப்ரல் 30, 2019-20க்கு 2024 ஆகஸ்ட் 31 என்று கெடு இருந்ததால், அந்த மாதங்களில் மாநிலம் முழுக்க நோட்டீஸ் மழை. அருப்புக்கோட்டையின் எண்ணெய், பருத்தி, நூல், ஜவுளி, ஹார்டுவேர் கடைகள் எதுவும் தப்பவில்லை. பல நோட்டீஸ்கள் போர்ட்டலில் வழக்கமான இடத்தில் இல்லாமல் ‘கூடுதல் நோட்டீஸ்கள், உத்தரவுகள்’ என்ற வேறொரு தாவலுக்குள் கிடந்தன. வியாபாரிக்குத் தெரிந்தது வங்கிக் கணக்கு முடங்கியபோதுதான். நோட்டீஸ் கண்ணில் படவில்லை என்று வந்த பல வழக்குகளில், தகராறு வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லிவிட்டு உத்தரவை ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது சென்னை உயர் நீதிமன்றம். மாதா மாதம் 3பி போட அதே போர்ட்டலைத் திறக்கும் ஆடிட்டர் அந்தத் தாவலையும் திறந்திருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், கேள்வி சரியானது. இப்படிப் பார்க்காமல் விட்ட நோட்டீசுக்கு, விசாரணை நிலை வரை பதில் எழுதுவது ஆடிட்டரின் சொந்தச் செலவு. ரிட் மனுவுக்கு வக்கீல் ஃபீசிலும் பங்கு கொடுப்பதே முறை.

பார்த்துச் சொல்லப்பட்ட நோட்டீஸ் என்றால், நிலைக்கு ஒரு தொகை என்று பிரித்துப் பேசுவது இங்கே நன்றாக நடக்கிறது. ஏஎஸ்எம்டி-10 என்னும் ஆய்வு நோட்டீசுக்கு ஒன்று, அது முடியாமல் டிஆர்சி-01 என்னும் விளக்கம் கேட்கும் நோட்டீசாக மாறினால் இன்னொன்று, மேல்முறையீட்டுக்கு வேறொன்று. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதக் கெடு, தகராறு வரியில் 10 சதவீத முன்வைப்பு. அந்த 10 சதவீதம் அரசுக்குப் போவது, ஆடிட்டருக்கு அல்ல என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டாவிட்டால் ஊரில் வேறு விதமாகப் பேச்சு கிளம்பும்.

வேலையின் அளவு நோட்டீஸ் தொகையைப் பொறுத்ததல்ல. பருத்தி வியாபாரி விவசாயியிடம் நேரடியாகக் கொள்முதல் செய்தால், 2017 நவம்பர் 15 முதல் தலைகீழ் முறையில் 5 சதவீத வரியை அவரே ரொக்கமாகக் கட்டி, பிறகு உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டாமல் விட்டவருக்கு வரும் நோட்டீசில் தொகை பெரிதாக இருக்கும். பதிலோ கொள்முதல் பட்டியலும் வட்டிக் கணக்கும்தான். இதற்கு மாறாக, வாங்கிய பில்லுக்கான வரவு ஜிஎஸ்டிஆர்-2ஏ-இல் இல்லை என்று வரும் நோட்டீசில் தொகை சில ஆயிரமே இருக்கும். ஆனால் 2022 டிசம்பர் சுற்றறிக்கைப்படி, சப்ளையர் ஒவ்வொருவரிடமும் ‘இந்த பில்லுக்கு வரி கட்டிவிட்டேன்’ என்று சான்று வாங்க வேண்டும். விருதுநகர், ராஜபாளையம், திருப்பூர் என்று அலைந்து, கடையை மூடிவிட்டுப் போனவரைத் தேட வேண்டியிருக்கும். சப்ளையருக்கு இவ்வளவு என்று பேசுவது இங்கே பொருத்தம். 128ஏ பிரிவில் 2017-18 முதல் 2019-20 வரை வட்டியும் அபராதமும் தள்ளுபடி செய்த திட்டத்தில், 2025 மார்ச் 31க்குள் வரியைக் கட்டினால் போதும் என்றாலும் விண்ணப்பம், மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுதல் என்று தனி வேலை இருந்தது. அதற்குத் தனிக் கட்டணம் சரி. தள்ளுபடியான அபராதத்தில் பங்கு கேட்டது சரியல்ல.

பங்கு கேட்கும் பழக்கத்தைச் சட்டமும் ஏற்பதில்லை. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சதவீத அடிப்படையிலோ முடிவைப் பொறுத்தோ ஃபீஸ் வாங்குவதை, விதிகள் அனுமதிக்கும் சில இனங்கள் தவிர, 1949ஆம் ஆண்டின் சட்டம் தொழில் ஒழுங்கீனம் என்கிறது. வக்கீலுக்கும் வழக்கின் முடிவில் பங்கு பேசத் தடை. பங்கு கேட்பதன் கேடு 2025 ஜூலை 14 அன்று வெளியே வந்தது. பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்து அதில் கமிஷன் எடுத்தவர்களைத் தேடி, தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. இப்படி ரீஃபண்ட் வாங்கிய ஆசிரியர்களும் மில் தொழிலாளர்களும் நோட்டீசோடு இன்னொரு ஆடிட்டரிடம் வருகிறார்கள். பழையவர் போனை எடுப்பதில்லை. புதியவர் முழுக் கட்டணம் வாங்கலாம், அவர் செய்யாத தவறு அது. முதலில் சொல்ல வேண்டியது, புதுப்பித்த ரிட்டன் போட்டு வரியையும் கூடுதல் வரியையும் கட்டக் காலம் இருக்கிறதா என்பதை. இல்லாத நன்கொடைக்கு ரசீது தயாரிக்கக் கேட்டால் பைலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இனி வசூல். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது ‘பழைய பாக்கியைக் கொடு, பிறகு பதில் ஏற்றுகிறேன்’ என்று நிறுத்தி வைப்பது தவறு. பாக்கிக்காக வேலையை விடுவதென்றால், வேறொருவர் எடுத்துச் செய்ய அவகாசம் இருக்கும்போதே சொல்லி, பாஸ்வேர்டையும் காகிதங்களையும் கொடுத்துவிட வேண்டும். ஃபீஸ் பாக்கி என்பதற்காக வக்கீல் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டில் ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நியாயம் ஆடிட்டர் ஆபீஸ் அலமாரிக்கும் பொருந்தும். தொகையைத் தவணையாக்கி, பெரும்பகுதியை மாசி, பங்குனிக்குத் தள்ளினால் பணம் வருகிறது. ஆடியில் கேட்டால் வாடிக்கையாளர்தான் போகிறார். நெசவாளர், விதவைப் பென்ஷன்காரர் போன்றவர்களின் சிறு நோட்டீசுகளுக்குப் பணம் வாங்காமல் விடுகிறவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அதற்குச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, செய்வது நல்லது.

இவ்வளவையும் ரிட்டன் போடும் நாளிலேயே ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். எது ஃபீசில் அடக்கம், எது தனி, ஆபீஸ் தவறு என்றால் யார் கட்டுவது, நோட்டீஸ் யார் இமெயிலுக்கு வரும் என்பவை அதில் இருந்தால் போதும். அந்தத் தாளைப் பத்திரமாக வைக்க வேண்டிய காலமும் நீளம். 50 லட்சமோ அதற்கு மேலோ விடுபட்டதாகக் கருதினால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருஷம் மூன்று மாதம் வரை வருமான வரித் துறை 148 பிரிவில் மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பலாம். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்றாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கான நோட்டீஸ்கள் 1961 சட்டத்தின் பழைய பிரிவு எண்களோடுதான் வரும்.